ஏழாண்டு உத்தியோகமும் எழுபதாண்டுத் தொண்டும்

(சங்க மண்டபத்தில் வாலிப அங்கத்தவர்களுக்கு ஆற்றிய உரை)



கடற்படை உத்தியோகத்தர் ஒருவரது வாழ்க்கையை எடுத்துப் பேசுமாறு நம் சங்கக் காரியதரிசி கேட்டபொழுது, போர்களையும் வெற்றிகளையும் பற்றிய பேச்சொன்றை அவர் எதிர்பார்த்தார் போலும். நாம் தெரிந்தெடுத்த மனிதரோ கடற்போரிற் பேரெடுத்தவர் அல்லர். உத்தியோகத்தராக அவர் கடற்படையில் இருந்தது ஏழாண்டு மாத்திரமே. விலகியபொழுது லெப்டினன்ற் என்னும் தரத்துக்கு மேல் ஏறியிருக்கவுமில்லை. அவரே பிற்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் 39ஆவது ஜனாதிபதியாகி, 2002ஆம் ஆண்டிற் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்று, 2024 டிசெம்பர் 29ஆந் தேதி நூறு வயது கடந்த நிலையிற் காலமான ஜிம்மி கார்ட்டர்.

ஜனாதிபதிப் பதவியைப் பற்றி நாம் இன்று அதிகம் பேசப்போவதில்லை. அதைப் பேசுவோர் பலருளர். அவர் உத்தியோகம் பார்த்த விதமும், அதை விட்ட விதமும், உத்தியோகத்துக்குப் புறம்பே தம் பொழுதைக் கழித்த விதமுமே நம் பொருள். இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் வாலிபரைச் சிரமதானத்துக்கு அழைத்தால், "வேலை கிடைக்கட்டும், பார்ப்போம்" என்கின்றனர். வேலை கிடைத்தவரைக் கேட்டால், "இளைப்பாறிய பின் பார்ப்போம்" என்கின்றனர். இளைப்பாறியவரோ, "இனி உடம்பு இடங்கொடாது" என்கின்றனர். இந்த மூன்று விடைகளுக்கிடையில் எத்தனை சங்கங்கள் மடிந்துபோயின என்பதைப் பெரியோர் அறிவர்.

அவர் கிறிஸ்தவர், அதிலும் தம் சமயத்திற் பிடிப்பு மிக்கவர். அத்தகையவரைப் பற்றி இந்து வாலிபர் மத்தியிற் பேசுவானேன் என்று எவரேனும் கேட்கலாம். அப்பர் சுவாமிகள் உழவாரப் படையைக் கையிலேந்தித் திருவீதிகளிற் புல் செதுக்கினார் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நாடாண்ட ஒருவர் தம் ஊர்த் தேவாலயத்து முற்றத்திற் புல் வெட்டினார் என்றும், காணிக்கை வாங்கும் மரத்தட்டுக்களைத் தம் கையாலேயே கடைந்து கொடுத்தார் என்றும் கேட்டால், அது நமக்கு அந்நியமாகத் தோன்றுமா?

கார்ட்டர் 1924 ஒக்டோபர் முதலாந் தேதி ஜோர்ஜியா மாகாணத்துப் பிளெயின்ஸ் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கமக்காரர், கடையும் வைத்திருந்தார். தாயார் லிலியன் வைத்தியசாலைத் தாதி. வீட்டில் மின்சார விளக்கில்லை. கச்சானும் பருத்தியுமே ஊரின் விளைபொருள். கடல் கண்ணுக்கெட்டாத அந்த ஊர்ப் பிள்ளைக்குக் கடற்படை ஆசை எப்படி வந்தது? தாய்மாமன் ஒருவர் கடற்படையிற் கம்பியில்லாத் தந்தி இயக்குபவராக இருந்தார். அவர் பசிபிக் துறைமுகங்களிலிருந்து அனுப்பிய தபாலட்டைகளே காரணம். ஆரம்பப் பள்ளி மாணவனாயிருந்தபொழுதே, தம் வயதைக் குறிப்பிடாமல், அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்கு விவரப் புத்தகம் கேட்டு எழுதினாராம். உள்ளங்கால் தட்டையாயிருப்பின் வைத்திய பரிசோதனையிற் கழித்துவிடுவர் என்று கேள்விப்பட்டு, கொக்காகோலாப் போத்தலைக் காலின்கீழ் வைத்து உருட்டி உருட்டிப் பாதத்தை வளைக்கப் பார்த்தார். நம்மவர் சோதனைக்குமுன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பர். அவர் போத்தல் உருட்டினார்.

1943இற் கல்லூரியிற் சேர்ந்து, யுத்த காலமாதலின் மூன்றாண்டில் முடித்து, 1946 ஜூனில் வெளியேறினார். எண்ணூற்றுச் சொச்சம் பேரில் அறுபதாம் இடத்தையொட்டித் தேறினார். அங்கே அவர் செய்த இரு காரியங்களை இங்கே சொல்லவேண்டும். முதலாவது, மாணவனாயிருந்தபொழுதே, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள உத்தியோகத்தர், மாலுமிகளின் பிள்ளைகளுக்குச் சமயபாடம் நடத்தியது. கடற்படைக் கல்லூரி மாணவனுக்கு ஓய்வென்பது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்க்கே அதன் அருமை தெரியும். அன்று தொடங்கிய வகுப்பை ஊர் மாறினாலும் பதவி மாறினாலும் விடாமல், தொண்ணூறு வயது கடந்தும், 2019 வரையில் நடத்திவந்தார். நம் ஊர்களிற் சமயபாட வகுப்பை ஆடி மாதத்தில் ஆரம்பித்து ஆவணி மாதத்தில் மறந்துவிடுவோர் இதைச் சற்றே எண்ணிப்பார்க்கலாம்.

இரண்டாவது, வெஸ்லி பிறவுண் என்னும் கறுப்பின மாணவர் 1945இல் அக்கல்லூரியிற் சேர்ந்தார். அவருக்குமுன் அங்கு சேர்ந்த கறுப்பினத்தவர் எவரும் பட்டம் பெற்று வெளியேற முடியவில்லை. வெள்ளை மாணவர் சிலர் அவரை அளவுக்கு மிஞ்சி வதைத்தனர். கார்ட்டர் அவருடன் ஓட்டக் குழுவில் இருந்தவர். மூத்த மாணவராய் நின்று பிறவுணுக்குத் தைரியம் சொன்னார். பிறவுண் 1949இற் பட்டம் பெற்று, அக்கல்லூரி கண்ட முதற் கறுப்பினப் பட்டதாரியானார்.

பட்டம் பெற்ற அடுத்த மாதமே கார்ட்டர் தம் ஊர்ப் பெண்ணான றோசலினை மணந்தார். முதல் இரண்டாண்டும் பழைய போர்க்கப்பல்களிற் கழிந்தன. 1948இல் நீர்மூழ்கிக் கப்பற் பயிற்சிக்குச் சென்று, பின்னர் 'பொம்பிறெற்' என்ற நீர்மூழ்கியிற் பசிபிக் சமுத்திரத்துக்குப் போனார். ஓர் இரவு, கப்பல் நீர்மட்டத்திற் சென்றுகொண்டிருக்க, மேலே காவலில் நின்றவரைப் பேரலை ஒன்று வாரி எடுத்தது. சுமார் முப்பதடி பின்னால் இருந்த பீரங்கியின்மேற் கொண்டுபோய்ப் போட்டது. அலை சற்றே பக்கவாட்டில் அடித்திருந்தால் அவர் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

அக்காலத்தில் அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல்களை ஆக்கும் வேலையைத் தலைமேற்கொண்டு நடத்தியவர் ஹைமன் ரிக்கோவர் என்னும் கடுமையான மனிதர். உத்தியோகத்தர் ஒவ்வொருவரையும் தாமே நேரில் விசாரித்துத் தெரிந்தெடுப்பது அவர் வழக்கம். 1952இற் கார்ட்டர் அவர் முன் சென்றிருந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகக் கேள்விகள். பேசும் பொருளைக் கார்ட்டரே தெரிந்தெடுக்கலாம். கப்பலோட்டல், இசை, இலக்கியம் என்று எதை எடுத்தாலும், அவருக்கு அதில் எங்கே அறிவு முடிகிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவார் ரிக்கோவர். வியர்த்துப்போயிருந்தவரிடம் ஈற்றிற் கல்லூரியில் எத்தனையாம் இடம் என்று கேட்டார். இப்பொழுதாவது பாராட்டு வரும் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார் கார்ட்டர். பாராட்டு வரவில்லை. உன்னால் இயன்ற முழுவதையும் செய்தாயா என்ற கேள்வியே வந்தது. ஆம் என்று சொல்ல வாயெடுத்தவர், நினைத்துப் பார்த்து, எப்பொழுதும் செய்ததில்லை என்று உண்மையைச் சொன்னார். ஏன் செய்யவில்லை என்று கேட்டுவிட்டு, ரிக்கோவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அதற்குமேற் பேச்சில்லை.

வேலை கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வி கார்ட்டரை விட்டுப் போகவில்லை. 1975இல் தாம் எழுதிய முதற் புத்தகத்துக்கு அக்கேள்வியையொட்டியே பெயர் வைத்தார். சங்கத்திற் செய்யும் தொண்டுக்கு இக்கேள்வியைக் கேட்போர் நம்மில் எத்தனை பேர்? சம்பளமில்லாத வேலைதானே, வந்ததே பெரிது, செய்தது போதும் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. குளத்தைத் தூர்வார வந்தோர் படம் எடுத்ததும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுப் போவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

அதே ஆண்டு டிசெம்பர் 12ஆந் தேதி, கனடாவிலுள்ள சோக் றிவர் என்னும் இடத்தில் ஆராய்ச்சி அணு உலை ஒன்று பழுதடைந்து, அதன் உட்பகுதி உருகிச் சேதமாயிற்று. உலையைக் கழற்றி அப்புறப்படுத்த உதவுமாறு அமெரிக்கக் கடற்படையாட்களையும் அழைத்தனர். ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் இருபத்தெட்டு வயதுக் கார்ட்டர். கதிர்வீச்சு மிகுந்த அவ்விடத்தில் ஓர் ஆள் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்கலாகாது. ஒன்றரை நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? பக்கத்திலிருந்த டென்னிஸ் மைதானத்தில் உலையைப்போலவே ஒரு மாதிரியைக் கட்டினர். எந்தத் திருகாணியை எவர் எந்த ஆயுதத்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்று அங்கே திரும்பத் திரும்பப் பழகினர். பின்னர் மூன்று மூன்று பேராய் உள்ளே ஓடி, ஒன்றிரண்டு ஆணிகளைக் கழற்றிவிட்டு வெளியே ஓடி வந்தனர். உள்ளே ஓர் ஆணி கழன்றதும் வெளியே மாதிரியிலும் அதைக் கழற்றிவிடுவர். அவர்தம் சிறுநீரிற் கதிரியக்கம் பல மாதங்கள்வரை காணப்பட்டதாம். ஒன்றரை நிமிட வேலைக்கு எத்தனை மணிநேர ஆயத்தம் என்பதை வாலிபர் கவனிக்கவேண்டும். பின்னாளில் வீடு கட்டுந் தொண்டிலும் நோய் ஒழிக்குந் தொண்டிலும் அவர் காட்டிய ஒழுங்கு கடற்படையிற் பழகியதே என்று நாம் எண்ணுகிறோம்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 'சீவுல்வ்' என்னும் அணுசக்தி நீர்மூழ்கியின் மாலுமிகளை ஆயத்தஞ் செய்யும் பொறுப்பில் அவர் இருந்தார். அவர் வயதில் அதனிலும் மேலான உத்தியோகம் கடற்படையில் இல்லை என்றே சொல்லலாம். 1953இல் தந்தையார் புற்றுநோயாற் படுக்கையில் விழுந்தார். விடுமுறையில் வந்த மகன் கட்டிலருகே இருந்தபொழுது, ஊரார் வெள்ளையரும் கறுப்பருமாய் ஒருவர்பின் ஒருவராக வந்து நின்றனர். கடனைக் கேளாது விட்டதை ஒருவர் சொன்னார். பிள்ளைக்கு உடுப்பெடுக்கக் காசு தந்ததை இன்னொருவர் சொன்னார். இவற்றுட் பலவற்றை மகன் அறிந்திருக்கவில்லை. தாம் கப்பலில் எவ்வளவு உயர்ந்தாலும், இவ்வளவு பேர் தம் கட்டிலருகே வருவாரா என்று அவர் தம்மைத்தாமே கேட்டார். ஜூலையில் தந்தை மறைந்தார். ஒக்டோபரிற் கார்ட்டர் உத்தியோகத்தை விட்டு விலகினார்.

நம் நாட்டிலாயின் என்ன சொல்லியிருப்போம்? கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும் என்பது நம் மூத்தோர் வாக்கு. கோறணமேந்து உத்தியோகத்தை, அதுவும் கடற்படை உத்தியோகத்தைக் கைவிட்டுக் கச்சான் கமத்துக்குத் திரும்புபவனுக்குப் பெண் கொடுத்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள். றோசலின் அழுதார், சண்டையிட்டார். ஊருக்குக் காரில் வந்த வழி முழுவதும் கணவரோடு பேசவில்லை. எங்காவது நிறுத்தவேண்டுமானால் மூத்த மகனிடம், அப்பாவிடம் சொல் என்பாராம்.

இவ்விடத்தில் நம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். திரும்பியது சரி, மனைவியைக் கலந்துகொள்ளாது முடிவெடுத்தது சரியன்று. பிற்காலத்திற் கார்ட்டரும் அதையே ஒப்புக்கொண்டார். தொண்டுக்கென்று புறப்படுகின்ற ஆடவர் பலர் வீட்டிலுள்ளோரைத் தம் தொண்டின் கூலியாட்களாக எண்ணிவிடுகின்றனர். கார்ட்டர் வீட்டில் அது மாறியது றோசலினின் திறத்தால். அவர் கணக்கியலைத் தாமே படித்து, களஞ்சியத்தின் கணக்குப் புத்தகங்களை ஏற்றார். சிறிது காலத்தில், எந்த வரவு இலாபம், எந்த வரவு நட்டம் என்று கணவருக்குச் சொல்பவர் அவரே ஆயினார். மனநோயாளருக்காகவும் நோயாளரைப் பராமரிப்போருக்காகவும் அவர் ஆற்றிய பணி தனியே ஒரு சொற்பொழிவுக்குரியது. எழுபத்தேழு ஆண்டு இல்லறத்தின்பின் 2023 நவெம்பரில் மறைந்தார்.

ஊருக்குத் திரும்பியவர்களுக்கு அரசாங்கம் ஏழைகளுக்கென்று கட்டிய வீடொன்றே இருப்பிடமாயிற்று. 1954இல் வறட்சி. அவ்வாண்டு முழுவதும் உழைத்துக் கண்ட இலாபம் முந்நூறு டொலரையும் எட்டவில்லை. விதைக் கச்சானைப் பயிரிட்டு, மூட்டை தாமே தூக்கி, மெல்ல மெல்ல நிமிர்ந்தனர்.

அந்தக் கஷ்டத்தின் நடுவிலேயே அவர் பாடசாலைச் சபையிலும் வைத்தியசாலைச் சபையிலும் நூலகச் சபையிலும் அமர்ந்தார். சாரணச் சிறுவரை நடத்தினார். லயன்ஸ் கழகத்தில் உழைத்தார். வருவாய் பெருகட்டும் என்று காத்திருந்தவரல்லர் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

ஆனால் ஊர்த்தொண்டு என்பது நூலகத்தில் நாற்காலி போடுவதோடு முடிவதில்லை. நிறவெறி ஆட்சி செய்த காலம் அது. வெள்ளையர் சபை என்று ஒன்றை ஊர்தோறும் அமைத்து, கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கிட்டாதவாறு தடுக்க முனைந்தனர். பிளெயின்ஸ் ஊரில் அதிற் சேர மறுத்தவர் கார்ட்டர். சந்தா ஐந்து டொலர்தான், வேண்டுமானால் நாங்களே கட்டிவிடுகிறோம் என்று நண்பர் வந்து கேட்டும் மறுத்தார். வாடிக்கையாளர் பலர் அவர் களஞ்சியத்தைப் பகிஷ்கரித்தனர். 1965இல் அவர் வணங்கிய தேவாலயத்திற் கறுப்பினத்தவரை வழிபாட்டுக்கு அனுமதிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. அனுமதிக்கலாம் என்றோர் ஆறே பேர். அவருள் ஐவர் கார்ட்டர் வீட்டார்.

இதைக் கேட்கும்பொழுது நம் கோயில் வாயில்கள் நினைவுக்கு வராதவர் இம்மண்டபத்தில் இருக்கமாட்டார். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்தது பெரியோருக்குத் தெரியும். வாலிபர் அதை அவரிடங் கேட்டறியவேண்டும். திருக்கூட்டத்தில் எல்லாரும் அடியார் என்று பேசிவிட்டு, வாயிலில் வேறு கணக்குப் பார்த்த காலம் அது. அன்று அந்த ஆறு பேரைப்போல நின்றவர் நம்மிடையேயும் சிலர் இருந்தனர். பலர் வீட்டிலிருந்தனர்.

கார்ட்டர் குற்றமற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. பாடசாலைச் சபையிலிருந்த காலத்தில், பிரிந்து நடந்த பாடசாலைகளை ஒன்றாக்க அவர் துணிந்து முன்வரவில்லை. 1970இல் ஆளுநர் தேர்தலில், நிறவெறியாளரின் வாக்குகளையும் வளைத்துப் பிடிக்கத் தக்கவாறே பேசித் திரிந்தார். வென்று 1971இற் பதவியேற்ற மேடையிலேயே, நிறபேதத்தின் காலம் முடிந்துவிட்டதென்று அறிவித்து, வாக்களித்தோரையே திடுக்கிடச் செய்தார். வந்த வழி நேரானதன்று, சென்று சேர்ந்த இடம் நல்லது. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இக்குடும்பத்திற் தொண்டு தாயார் வழியும் வந்தது. கறுப்பினப் பெண்களுக்கு மருத்துவம் பார்க்க வெள்ளைத் தாதியர் தயங்கிய காலத்தில் லிலியன் அவர்தம் குடிசைகளுக்கே போனவர். 1966இல், அறுபத்தெட்டு வயதிற் கைம்பெண்ணாய் இருந்தவர், சமாதானப் படையிற் தொண்டராகச் சேர்ந்தார். 1961இல் அமெரிக்கா தொடங்கிய அந்தத் தொண்டர் படையினர் 1962இல் நம் நாட்டுக்கும் வந்தனர். லிலியன் அனுப்பப்பட்டது பம்பாய்க்கு அருகிலிருந்த விக்ரோலிக்கு. அங்கே தொழிலாளர் குடியிருப்பின் மருந்தகத்தில் ஏறக்குறைய இரண்டாண்டு நோயாளரைப் பார்த்தார். இளைப்பாறிய பின் உடம்பு இடங்கொடாது என்போருக்கு இந்த அம்மையாரை அறிமுகஞ் செய்து வைக்கிறோம்.

1980 தேர்தலிற் கார்ட்டர் தோற்றார். ஐம்பத்தாறு வயது. வீட்டுக்கு வந்து பார்த்தால், பிறர் பொறுப்பில் விட்டுப்போன கச்சான் வியாபாரம் பத்து இலட்சம் டொலர் கடனிற் கிடந்தது. வியாபாரத்தை விற்றுக் கடனைத் தீர்த்தார். பெரிய கம்பனிகளின் சபைகளில் அமர்ந்து பணஞ் சேர்க்கும் வழி திறந்தே இருந்தது. அதை அவர் விரும்பவில்லை. 1961இற் கட்டிய பழைய வீட்டிலேயே கடைசிவரை இருந்தார். புத்தகங்கள் எழுதினார். அவை முப்பதுக்கு மேல், அவற்றுட் கவிதைத் தொகுதி ஒன்றும் நாவல் ஒன்றும் உண்டு. ஆற்றிற் தூண்டில் போட்டார். படம் வரைந்தார். எல்லாவற்றுக்கும் மேலாகத் தச்சுவேலை. வெள்ளை மாளிகையை விட்டுப் புறப்படும்பொழுது உடனுழைத்தோர் பிரிவுபசாரப் பரிசாக அவர் வீட்டில் ஒரு தச்சுப்பட்டறைக்கு வேண்டிய கருவிகளைக் கொடுத்தனர். அவற்றைக் கொண்டு கட்டில், கதிரை, அலுமாரி என்று நூற்றுக்கு மேற்பட்ட தளபாடங்களைச் செய்தார். அவற்றுட் பலவற்றை ஏலத்தில் விற்று வந்த பணம் தொண்டுக்குப் போயிற்று. உத்தியோகத்திலிருந்து இறங்கியதும் நெஞ்சிலே வெறுமை வந்து நாளேடும் சாய்மனைக் கதிரையுமாய் அமர்ந்துவிடுகிற நம் கனவான்களுக்கு, கையால் ஒரு தொழில் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்மை என்று நாம் எண்ணுவதுண்டு.

பிளெயின்சுக்கு அண்மையிலுள்ள அமெரிக்கஸ் என்னும் ஊரில், வீடற்றோருக்கு வீடு கட்டும் ஹபிற்றாற் என்ற நிறுவனத்தை மில்லார்ட் புல்லரும் அவர் மனைவி லிண்டாவும் 1976இல் தொடங்கியிருந்தனர். அங்கே கொடுப்பது தானமன்று. வீடு பெறுவோர் கட்டும் வேலையிற் தாமும் இத்தனை மணிநேரம் உழைக்கவேண்டும். பின்னர் வட்டியில்லாத் தவணையாகப் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். 1984இற் கார்ட்டர் தம்பதியர் இதிற் சேர்ந்தனர். அவ்வாண்டு செப்ரெம்பரில், தொண்டர்களோடு பஸ்ஸிலேறி ஜோர்ஜியாவிலிருந்து நியூயோர்க் சென்றனர். அங்கே பாழடைந்து கிடந்த ஆறுமாடிக் கட்டடம் ஒன்றைப் பத்தொன்பது குடும்பங்களுக்கு வீடாக்கும் வேலை. இரவிற் தேவாலயமொன்றிற் படுக்கை. முன்னாள் ஜனாதிபதி பலகை சுமக்கிறார் என்று பத்திரிகைக்காரர் மொய்த்தனர். அன்றுவரை அதிகம் பேர் அறியாத அந்நிறுவனம் நாடெங்கும் பேசப்பட்டது.

அன்று தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக, ஆண்டுக்கு ஒரு வாரம், பதினான்கு நாடுகளில், நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை ஆக்கவும் திருத்தவும் அவர்கள் கைகொடுத்தனர். 2006இல் மும்பைக்கு அப்பால் லோனாவ்லாவை அண்டிய இடத்தில் நூறு வீடுகள் கட்டினர். தாயார் விக்ரோலிக்கு வந்து அப்பொழுது நாற்பதாண்டு ஆகியிருந்தது. வேலைத்தலத்தில் அவர் கடுமையானவர் என்பர். படமெடுக்க வந்தோருக்கு ஒருமுறை நின்று கொடுப்பார். அதன்பின் கதை பேசி நிற்போரைக் கண்டால் அவர் முகம் மாறிவிடும். ரிக்கோவரின் மாணவரல்லவா! 2019 ஒக்டோபரில், தொண்ணூற்றைந்து வயதில், வீட்டில் விழுந்து புருவத்திற் பதினான்கு தையல் போடப்பட்டது. அடுத்த நாட்களில் நாஷ்வில் நகரிற் கறுத்துத் தடித்த கண்ணோடு வீட்டுத் திண்ணைக்கு மரம் பொருத்திக்கொண்டிருந்தார்.

இன்னொரு தொண்டைச் சொல்லி முடிக்கிறோம். 1982இல் அட்லாண்டா நகரில் எமோரி சர்வகலாசாலையோடு இணைந்து கார்ட்டர் நிலையத்தை அவரும் றோசலினும் நிறுவினர். தேர்தல்களைக் கண்காணித்தல், பிணக்குத் தீர்த்தல் என அதன் பணிகள் பல. நமக்குப் பெரிதாகத் தோன்றுவது நரம்புச் சிலந்தி ஒழிப்பு. ஆங்கிலத்தில் கினிப்புழு என்பதைத் தமிழிற் பழைய வைத்தியர் நரம்புச் சிலந்தி என்றனர். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் அது இருந்த நோயே.

குளத்து நீரில் நீர்த்தெள்ளு என்னும் மிகச் சிறிய உயிர் ஒன்றுண்டு. புழுவின் குஞ்சு அதனுள் இருக்கும். அந்நீரை வடிக்காமற் குடித்தவர் உடலிற் புழு ஓராண்டு வளர்ந்து, ஒரு மீற்றர் நீளமாகி, பெரும்பாலும் காலிற் கொப்புளம் கிளப்பி வெளிவரும். எரிச்சல் தாளாது காலை நீரில் வைத்தால், ஆயிரமாயிரங் குஞ்சுகளை அந்நீரிலேயே விடும். புழுவைச் சிறு குச்சியிற் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுக்கவேண்டும், அறுந்தாற் சீழ் பிடிக்கும். விதைப்புக் காலத்திற் கமக்காரன் வாரக்கணக்காய் நடக்கமாட்டான், பிள்ளைகள் பள்ளிக்குப் போகமாட்டா. இதற்குத் தடுப்பூசியும் இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை.

1986இல் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலுமாகச் சுமார் முப்பத்தைந்து இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. மருந்தில்லாத நோயை எதனால் ஒழிப்பது? நீரை வடிக்கும் நெய்த துணியாலும், கழுத்திற் கட்டித் தொங்கவிட்டு உறிஞ்சும் வடிகுழாயாலும், குளத்தில் இடும் மருந்தாலும், இவற்றையெல்லாம் வீடு வீடாகச் சென்று சொல்லும் கிராமத் தொண்டராலும்தான். அந்தத் தொண்டர்கள் வெள்ளைக்காரர் அல்லர், அந்தந்த ஊரவரே. புழு எட்டிப் பார்த்த அன்றே கண்டுபிடித்து, நோயாளியை நீரில் இறங்காமற் காப்பது அவர்கள் வேலை. 1995இற் சூடானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்க, தொண்டர் கிராமங்களுக்குச் செல்லவென்று இரு தரப்பையும் போர் நிறுத்தத்துக்கு இணங்கவைத்தார் கார்ட்டர். ஏறக்குறைய ஆறு மாதம் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன. இந்தியாவில் இறுதி நோயாளி 1996இற் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் அந்நாடு விடுபட்டதாக உறுதிப்படுத்தப்பட்டது.

2015இற் புற்றுநோய் மூளைவரை பரவியிருப்பதைப் பத்திரிகைக்காரர் முன் தாமே அறிவித்த கார்ட்டர், தாம் சாகுமுன் கடைசிக் கினிப்புழு சாகவேண்டும் என்று தம் விருப்பத்தைச் சொன்னார். அறிவித்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே வழக்கம்போல் வகுப்பு நடத்தினார். சிகிச்சையால் நோய் தணிந்து, இன்னும் ஒன்பதாண்டு வாழ்ந்தார். கடைசிப் புழு அவருக்கு முன் சாகவில்லை. அவர் மறைந்த 2024இல் உலகம் முழுவதிலும் அந்நோய் கண்டவர் பதினைந்து பேர். மனிதரிற் குறைந்தபின், சாட் நாட்டில் நாய்களிடத்தும் அப்புழு இருப்பது கண்டறியப்பட்டது. ஆதலால் அந்நாட்டு ஊர்களில் நாய்களைக் கட்டிவைத்து, அவை குளத்தில் இறங்காதபடி தொண்டர்கள் காவல் பார்க்கின்றனர்.